அந்தப் பிள்ளைக்கும் பங்கு உண்டு

போன இதழில், இரண்டாம் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளின் உரிமை பற்றி ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அது போதவில்லை என்று அதன்பிறகு வந்த கடிதங்களைப் பார்த்ததும் புரிந்தது. அதனால் இந்த முறை பகுதி முழுக்க இதற்கே. ஊர், பேர் வேண்டாம் என்று கேட்டவர்களே அதிகம் என்பதால் எல்லோருடைய பெயரையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: என் அம்மா, அப்பாவுக்கு இரண்டாந்தாரம். 1994-இல் கோயிலில் தாலி கட்டி நடந்த கல்யாணம். பெரியம்மா அப்போதும் இருந்தார், இப்போதும் இருக்கிறார், விவாகரத்து எதுவும் ஆகவில்லை. நான் ஒரே பெண். பெரியம்மாவுக்கு இரண்டு பையன்கள். போன வருஷம் அப்பா உயில் எதுவும் எழுதாமல் தவறிவிட்டார், பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். அப்பா சம்பாதித்து வாங்கிய வீடு ஒன்று, தாத்தா வழியில் வந்த 4 ஏக்கர் நிலம் ஒன்று. "உங்கம்மா கல்யாணமே செல்லாது, நீ எப்படி வாரிசு ஆவாய்" என்கிறார்கள் அண்ணன்கள். எனக்கு ஒன்றுமே கிடையாதா?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உண்டு. அண்ணன்கள் சொல்வதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு. முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது, விவாகரத்து ஆகாமல் நடந்த இரண்டாவது கல்யாணம் இந்து திருமணச் சட்டப்படி செல்லாது. ஆனால் அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அப்படிச் செல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளையைச் சட்டபூர்வமான பிள்ளையாகவே கருதவேண்டும் என்கிறது. கல்யாணம் செல்லாமல் போகலாம், பிள்ளை செல்லாமல் போகாது.

இந்த நிலைக்கு வரவே சட்டத்துக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. 1955-இல் சட்டம் வந்தபோது இருந்த 16-ஆவது பிரிவில் ஒரு பெரிய ஓட்டை. யாராவது நீதிமன்றத்துக்குப் போய் "இந்தத் திருமணம் செல்லாது" என்று தீர்ப்பு வாங்கியிருந்தால்தான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. வழக்கே போடாத குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு எதுவும் இல்லை. நம் ஊரில் இப்படிப்பட்ட தீர்ப்பு கேட்டு எத்தனை பேர் கோர்ட்டுக்குப் போவார்கள்? 1976 திருத்தம் வந்த பிறகுதான், தீர்ப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளை சட்டபூர்வமானதுதான் என்று ஆனது.

சரி, எவ்வளவு பங்கு? வீட்டை முதலில் பார்ப்போம், அது சுலபம். அப்பாவின் சுய சம்பாத்தியம், உயில் இல்லை. பெரியம்மா, அண்ணன்கள் இருவர், நீங்கள் என்று நாலு வாரிசுகள், நாலும் சம பங்கு. உங்களுக்கு நாலில் ஒன்று.

நிலம்தான் சிக்கல், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 16-ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரின் சொத்தில் மட்டும்தான் உரிமை, வேறு யாருடைய சொத்திலும் இல்லை என்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு, பூர்வீகச் சொத்து என்றால் கிடையவே கிடையாது என்று பல காலம் தீர்ப்புகள் வந்தன. 2011-இல் ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இதை ஏற்காமல் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 1 அன்று, தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் பதில் சொன்னார்கள். அந்தப் பதில் இதுதான்: அப்பா இறப்பதற்கு ஒரு நொடி முன்பு பாகப்பிரிவினை நடந்ததாக வைத்துக்கொள்ளவேண்டும். அதில் அப்பாவுக்கு எவ்வளவு வந்திருக்குமோ அது அப்பாவின் சொத்து, அதில் இந்தப் பிள்ளைக்கும் மற்றவர்களோடு சம பங்கு உண்டு. ஆனால் மற்ற பிள்ளைகளைப்போல் பிறப்பாலேயே கூட்டுக் குடும்பப் பங்குதாரர் ஆகமுடியாது.

உங்கள் கணக்குக்கு வருவோம். நிலம் உண்மையிலேயே பூர்வீகம் என்றால் அப்பாவும் இரண்டு அண்ணன்களுமாக மூன்று பங்கு. அப்பாவின் மூன்றில் ஒரு பங்கு நாலு வாரிசுகளுக்குள் பிரியும், ஆக உங்களுக்குப் பன்னிரண்டில் ஒன்று. 4 ஏக்கரில் அது 33 சென்ட்டும் கொஞ்சமும்.

இங்கேதான் அவசரப்படக்கூடாது. தாத்தா காலத்து நிலம் என்றாலே பூர்வீகம் என்று ஊரில் சொல்லிவிடுவார்கள், சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அந்த நிலம் தாத்தாவுக்கு எப்படி வந்தது என்று தேடுங்கள். தாத்தா சொந்தக் காசில் கிரையம் வாங்கி, உயில் எழுதாமல், 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபிறகு இறந்திருந்தால், அப்பாவுக்கு வந்தது அவருடைய தனிச் சொத்து. இதை உச்ச நீதிமன்றம் 1986-இலேயே சந்தர் சென் வழக்கில் சொல்லிவிட்டது. அப்படியானால் அண்ணன்களுக்கு அதில் பிறப்புரிமை கிடையாது, வீட்டைப்போலவே நாலு பங்குதான். உங்களுக்கு 33 சென்ட் அல்ல, 1 ஏக்கர். ஒரு பழைய கிரையப் பத்திரம் செய்யும் வித்தியாசம் இது. சார்பதிவாளர் அலுவலகத்தில் எவ்வளவு பின்னால் போகமுடியுமோ அவ்வளவு வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், தாத்தா பேரில் பத்திரம் இருந்தால் நகல் வாங்கி வையுங்கள். அதுவரை யார் எவ்வளவு பாசமாகக் கேட்டாலும் உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். அவருக்கு அப்பாவின் சொத்தில் மனைவி என்ற முறையில் வாரிசுப் பங்கு வராது. 16-ஆவது பிரிவு பிள்ளையைத்தான் காப்பாற்றுகிறது, அந்தப் பெண்ணை அல்ல. முதல் கல்யாணத்தை மறைத்து ஏமாற்றிக் கட்டியிருந்தாலும் இதுதான் நிலை, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கணவன் உயிரோடு இருக்கும்போது ஜீவனாம்சம் கேட்க மட்டும் வழி உண்டு. ஏமாற்றப்பட்ட இரண்டாவது மனைவிக்கு ஜீவனாம்சம் உண்டு என்று 2013-இலும், செல்லாத திருமணம் என்று தீர்ப்பானாலும் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2025 பிப்ரவரியிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. உங்கள் பங்கு வந்தால் அதில்தான் அவருக்கு ஒரு பிடிமானம், அதனாலும்தான் விட்டுக்கொடுக்காதீர்கள் என்கிறேன்.

கேள்வி: அப்பா இறந்த அன்று என்னைக் கொள்ளி வைக்க விடவில்லை. "முறையாகப் பொறந்தவன் இருக்கான்" என்று பங்காளிகள் எல்லார் முன்னாலும் சொன்னார்கள். போஸ்டரிலும் என் பேர் இல்லை. இதற்குச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: யார் கொள்ளி வைக்கவேண்டும் என்று சொல்லும் சட்டம் இல்லை தம்பி. அந்த நாளைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. உங்கள் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத ஓடவில்லை.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்து அதைத்தான் சொல்லப்போகிறார்கள். கொள்ளி வைத்தவனுக்குத்தான் சொத்து, காரியம் செய்தவனுக்குத்தான் உரிமை என்பது இன்றைய வாரிசுரிமைச் சட்டத்தில் கிடையவே கிடையாது. நீங்கள் சுடுகாட்டுக்கே போகாமல் இருந்திருந்தாலும் உங்கள் பங்கு ஒரு சென்ட் குறையாது. பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைக்கவில்லை, பத்திரிகையில் பேர் போடவில்லை என்பதெல்லாம் மனசுக்குத்தான் அடி, உரிமைக்கு இல்லை.

2011 தீர்ப்பை மேலே சொன்னேன் அல்லவா, அதில் நீதிபதிகள் சிங்வியும் கங்குலியும் எழுதிய ஒரு விஷயம் எனக்கு எப்போதும் முக்கியமாகப் படுகிறது. பெற்றோரின் உறவைச் சட்டம் ஏற்காமல் இருக்கலாம், ஆனால் குழந்தையின் பிறப்பை அந்த உறவிலிருந்து தனியாகப் பார்க்கவேண்டும், குழந்தை குற்றமற்றது என்பது அதன் சாரம். எது முறை, எது முறையில்லை என்று சொல்ல ஊருக்கு ஆசை இருந்தால், கல்யாணம் பண்ணிக்கொண்ட பெரியவர்களிடம் சொல்லட்டும். உங்கள் அப்பா உயிரோடு இருந்தபோது அவரிடம் ஒரு வார்த்தை கேட்காத பங்காளிகள், அவர் வாய் மூடிய பிறகு பிள்ளையிடம் வந்து கணக்குத் தீர்க்கிறார்கள். இது அநியாயம். அதை முறை என்ற பெயரில் செய்வது இன்னும் பெரிய அநியாயம்.

கேள்வி: நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. அவர் போய்விட்டார். குழந்தைக்கு இப்போது மூன்று வயசு. பிறப்புச் சான்றிதழில் அப்பா பேர் கேட்கிறார்கள், எழுத எனக்கு விருப்பமில்லை. பள்ளியில் சேர்க்கமுடியுமா, பின்னால் பாஸ்போர்ட் கிடைக்குமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: முடியும், கிடைக்கும். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கல்யாணமாகாத ஒரு தாய் தொடுத்த வழக்கில், தாய் பிரமாண வாக்குமூலம் கொடுத்தாலே பிறப்புச் சான்றிதழ் தரவேண்டும், தந்தை யார் என்று சொல்லும்படி வற்புறுத்தக்கூடாது என்று தெளிவாக உத்தரவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு அம்மா அப்பா இருவரில் ஒருவர் பேர் போதும் என்று 2016 டிசம்பரில் விதியை மாற்றிவிட்டார்கள். கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தீர்ப்பின் நகலை ஒரு கவரில் போட்டுக் கையில் வைத்திருங்கள், சண்டை போடவேண்டாம், எடுத்துக் காட்டுங்கள்.

இன்னொன்று, பேர் எழுத விருப்பமில்லை என்பது உங்கள் உரிமை, ஆனால் செலவுக்குப் பணம் கேட்பதும் குழந்தையின் உரிமை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125 என்று எல்லோருக்கும் தெரிந்த பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 144. கல்யாணத்தில் பிறந்த பிள்ளை, கல்யாணம் இல்லாமல் பிறந்த பிள்ளை என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை, இருவருக்கும் தந்தை ஜீவனாம்சம் கொடுத்தாகவேண்டும். கேட்பதா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். சொத்து விஷயத்தில் மட்டும் ஒரு குறை இருக்கிறது. கல்யாணமே நடக்கவில்லை என்றால் 16-ஆவது பிரிவு உதவாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி குழந்தை உங்களுக்கு முழு வாரிசு, அவருக்கு அல்ல. இதையும் ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். செல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளை குற்றமற்றது என்றால், கல்யாணமே இல்லாமல் பிறந்த பிள்ளை மட்டும் என்ன குற்றம் செய்தது?

கேள்வி: அப்படியானால் தாலி கட்டாமல், பதிவும் செய்யாமல் முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களின் பிள்ளைகள்?
– ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: நல்ல கேள்வி. நீண்ட காலம் கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்திருந்தால் சட்டம் அவர்களைக் கல்யாணம் ஆனவர்களாகவே முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று சொல்பவர்தான் நிரூபிக்கவேண்டும். 2022 ஜூனில் கேரளத்துக் குடும்பம் ஒன்றின் வழக்கில் இதை வைத்துத்தான் உச்ச நீதிமன்றம் மகனுக்குப் பங்கு கொடுத்தது. ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பள்ளிப் பதிவேடு எல்லாம் இங்கே சாட்சி. ஆனால் இருவரில் ஒருவருக்கு ஏற்கெனவே சட்டப்படியான துணை இருந்தால் இந்த ஊகம் நிற்காது.

உங்கள் மாவட்டம் என்பதால் இதையும் சொல்கிறேன். 16-ஆவது பிரிவு இந்து, பௌத்த, ஜைன, சீக்கியர்களுக்கு மட்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கு அதன் 26-ஆவது பிரிவு கிட்டத்தட்ட இதையே தருகிறது. கிறிஸ்தவர், முஸ்லிம்களுக்கு அவரவர் வாரிசுரிமைச் சட்டம் வேறு, அவை இந்த அளவுக்கு இறங்கி வரவில்லை. அப்படிப்பட்ட குடும்பங்களில் அப்பா உயிரோடு இருக்கும்போதே ஒரு வக்கீலைப் பார்த்து உயிலோ செட்டில்மென்ட்டோ எழுதிவைப்பதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

கேள்வி: என் இரண்டாவது பிள்ளை என் ஜாடையில் இல்லை. மனைவிக்குத் தெரியாமல் டி.என்.ஏ. சோதனை செய்து கோர்ட்டில் கொடுத்தால் ஏற்பார்களா?
– ஊர் குறிப்பிடாத வாசகர்

பதில்: ஜாடையை வைத்து எந்த நீதிமன்றமும் சோதனைக்கு உத்தரவிடாது. கல்யாணம் நடப்பில் இருக்கும்போதோ, அது முறிந்து 280 நாளுக்குள்ளோ பிறந்த குழந்தை அந்தக் கணவனுடையதுதான் என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய 112-ஆவது பிரிவு. 2024 ஜூலையிலிருந்து, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 116. முறிந்த பிறகு பிறந்த குழந்தை என்றால் தாய் அதற்குள் மறுமணம் செய்திருக்கக்கூடாது, அவ்வளவுதான். குழந்தை உருவாகியிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சந்திக்கவே வாய்ப்பில்லை என்று நிரூபித்தால்தான் இது உடையும். நீங்கள் இருவரும் ஒரே வீட்டில்தானே இருந்தீர்கள்? கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சோதனை முடிவு ஏற்கெனவே கையில் இருந்த ஒரு வழக்கில், 2014-இல், அறிவியல் உண்மைதான் மேலே என்று தீர்ப்பு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் சோதனைக்கே அனுப்பலாமா என்ற இடத்தில் நீதிமன்றங்கள் 1993 முதலே கறாராக இருக்கின்றன. 2023 பிப்ரவரியில், கணவன் மனைவி சண்டையில் குழந்தையை ஆயுதம் ஆக்கக்கூடாது என்ற நோக்கில் ஒரு குடும்பத்தில் சோதனை உத்தரவையே ரத்து செய்தார்கள். 2025 ஜனவரியிலும் இதே திசைதான். சட்டம் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது உங்களை ஏமாற்ற அல்ல ஐயா. அந்தப் பிள்ளைக்கு ஒரு நொடிகூட தகப்பன் இல்லாமல் போகக்கூடாது என்பதற்காக. மனைவிமீது சந்தேகம் இருந்தால் மனைவியிடம் பேசுங்கள், முடியாவிட்டால் பிரிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு இது எதுவும் தெரியவேண்டாம்.

கேள்வி: என் தாத்தா பாட்டி சுயமரியாதைத் திருமணம். 1950-களில், ஐயர் இல்லை, தாலி இல்லை, மாலை மட்டும். சொத்துத் தகராறில் எதிர்த்தரப்பு வக்கீல் "அது கல்யாணமே இல்லை" என்கிறார்.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அவர் 1953-இல் நிற்கிறார். அந்த வருஷம் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது உண்மைதான், எத்தனையோ பிள்ளைகளின் நிலை ஒரே நாளில் கேள்விக்குறி ஆனதும் உண்மைதான். அண்ணா முதலமைச்சரான 1967-இல் கொண்டுவந்த திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவாகச் சேர்ந்து 1968-இல் நடைமுறைக்கு வந்தது. மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ, உறவினர் நண்பர் முன்னால் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னாலோ போதும். முக்கியமாக, சட்டம் வருவதற்கு முன் நடந்த கல்யாணங்களுக்கும் அது பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் வக்கீலை 7-ஏ-வைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அரசு வேலையில் இருந்த அப்பா இறந்துவிட்டார். கருணை அடிப்படையில் வேலை கேட்டால், இரண்டாவது மனைவி மகன் என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள்.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இந்த ஒரு காரணத்துக்காகத் திருப்பமுடியாது. ரயில்வேயில் 1992-இல் இப்படி ஒரு சுற்றறிக்கை இருந்தது, 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது பாரபட்சம் என்று சொல்லிவிட்டது. 16-ஆவது பிரிவு சட்டபூர்வம் என்று சொன்ன பிள்ளையை ஒரு சுற்றறிக்கை இல்லை என்று சொல்லமுடியாது. வேலை கிடைத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை, குடும்ப வருமானம், காலக்கெடு போன்ற மற்ற நிபந்தனைகளை அவர்கள் பார்க்கலாம். காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அந்தத் தீர்ப்பைக் காட்டி மறுபடி மனுக் கொடுங்கள், அப்புறமும் மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

கேள்வி: வாரிசு சான்றிதழில் என் பேரைச் சேர்க்க தாசில்தார் அலுவலகத்தில் மறுக்கிறார்கள். இரண்டு குடும்பம் என்பதால் கோர்ட்டுக்குப் போங்கள் என்கிறார்கள். கையில் என்ன இருக்கவேண்டும்?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: இரண்டு மனைவி, தகராறு என்று வந்துவிட்டால் தாசில்தார் பொதுவாக இப்படித்தான் சொல்வார், விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை. உரிமையியல் நீதிமன்றத்தில், இன்னாரின் சட்டபூர்வ வாரிசு நான் என்று விளம்புகை, அதாவது நீதிமன்றத்தின் அறிவிப்பு, கேட்டு வழக்குப் போடவேண்டும். சொத்தும் இருந்தால் பாகப்பிரிவினையையும் அதே வழக்கில் கேளுங்கள், இரண்டு முறை அலையவேண்டாம். வங்கிப் பணம் மட்டும்தான் என்றால் அந்தப் பணத்தை வாங்கும் உரிமையைத் தரும் இறங்குரிமைச் சான்றை நீதிமன்றத்தில் வாங்கினால் போதும்.

ஆதாரம் இரண்டு வகையாக வேண்டும். அவர்தான் உங்கள் அப்பா என்பதற்குப் பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார். இவற்றை எல்லோரும் கொண்டுவந்துவிடுவார்கள். அம்மாவுக்கும் அவருக்கும் ஏதோ ஒரு முறையில் கல்யாணம் நடந்தது என்பதற்கான ஆதாரத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், 16-ஆவது பிரிவு வேலை செய்ய அது வேண்டும். கோயில் ரசீது, பத்திரிகை, போட்டோ, தாலி கட்டும்போது பக்கத்தில் நின்ற பெரியவர் யாராவது உயிரோடு இருந்தால் அவர். வயசானவர் என்றால் வழக்கு தொடங்கியதும் அவர் சாட்சியத்தை முதலில் பதிவு செய்யச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.